கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களும் நம் பொறுப்புதான்

2021 ஜூலை 25

பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வட்டாரத்துக் கபடிக் குழுக்களுக்கும், போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும், திடலைச் சுற்றி விடிய விடிய நின்று கைதட்டும் ரசிகர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த பத்து நாள்களில் மூன்று ஊர்களிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மூன்றிலும் ஒரே செய்தி: ஆகஸ்ட் 15 அன்று மின்னொளி கபடி வைக்கிறோம், நடுவராக நீங்கள் வர வேண்டும். கொரோனா காலமாயிற்றே, மூன்று பேரிடமும் நான் கேட்டதும் ஒன்றுதான்: பார்வையாளர்கள் உண்டா? முதல் தம்பி, "கயிறு கட்டித் தள்ளி நிற்க வைத்துவிடுவோம் அண்ணே" என்றார். இரண்டாமவர், "நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான்" என்றார். மூன்றாமவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூட்டம் இல்லாமல் கபடி எப்படி அண்ணே?" என்று கேட்டார். மனத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னவர் அவர்தான். அவருக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மடல் அவருக்கான பதில். மற்ற எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் அரசு தடை விதித்திருந்தது. ஒரு வாரம் கழித்து, 17ஆம் தேதி சனிக்கிழமை இரவு, ஓர் ஊரில் மின்னொளி கபடி நடந்தது. ஊரின் பெயரை எழுத மாட்டேன். நான் அங்கே நடுவர். தடை இருப்பது எனக்கும் தெரியும், நடத்தியவர்களுக்கும் தெரியும். தேர்தல் இப்போதுதானே முடிந்தது, அத்தனை பெரிய பிரசாரக் கூட்டங்களில் வராத கொரோனா நம் திடலில் மட்டும் வந்துவிடுமா என்று பேசிக்கொண்டோம். சவுக்குக் கட்டை நட்டு, கயிறு கட்டி, வட்டம் போட்டிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் கயிறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சிறுவர்கள் எல்லைக் கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விருந்தினர் ஒருவர் வந்து இரண்டு குழுவிலும் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, பெயர் கேட்டு, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரே மைக் ஏழெட்டுப் பேர் வாய்க்குப் போய் வந்தது. என் முகக்கவசம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விசில் ஊத வேண்டுமே.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல். அதே வாரத்தில், அன்று ஆடிய மூன்று தம்பிகளுக்கு வாசனை தெரியவில்லை. மதிப்பெண் மேசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரை உங்களில் பலருக்குத் தெரியும். இருபது ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் எந்தத் திடலுக்கும் இரண்டு நிறப் பேனாவோடு அவர்தான் வருவார். அவரைப் பத்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மே முதல் வாரத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்கு எங்களால் போக முடியவில்லை.

அந்தத் திடலில்தான் அவருக்குத் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு இடத்திலும் வந்திருக்கலாம். ஆனால் அன்று அவரைக் கூப்பிட்டது நான். "சார், மதிப்பெண் எழுத ஆள் இல்லை, வந்துவிடுங்கள்" என்று மாலை நான்கு மணிக்கு அழைத்தேன். அவர் மறுத்ததே கிடையாது.

இனி உங்கள் ஆகஸ்ட் போட்டிக்கு வருகிறேன்.

இப்போது தமிழ்நாட்டில் திறந்தவெளியில் விளையாட்டுப் போட்டி நடத்தத் தடை இல்லை. பார்வையாளர்கள் கூடாது என்பதுதான் நிபந்தனை. இது ஊர்க் கபடிக்காரர்களைக் குறிவைத்துப் போட்ட நிபந்தனை என்று யாரும் எண்ண வேண்டாம். 19ஆம் தேதி சேப்பாக்கத்தில் தொடங்கிய டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் வெற்று இருக்கைகளுக்கு முன்னால்தான் நடக்கின்றன. முந்தாநாள் தொடங்கிய டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அரங்கங்கள் பெரும்பாலும் காலி. மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்திலிருந்து போயிருக்கும் ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணி, எத்தனை கஷ்டத்தைத் தாண்டி அங்கே நிற்கிறார் என்பது நாடறிந்த செய்தி. அவர் ஓடும்போதும் அரங்கில் கைதட்ட ரசிகர்கள் இருக்க மாட்டார்கள். அவருக்கு இல்லாத கூட்டம் நமக்கு மட்டும் வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கபடி மற்ற ஆட்டங்களைப் போன்றதில்லை என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கிரிக்கெட்டில் பந்து வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் நடுவே 22 கஜம் இருக்கிறது. நம் ஆடுகளமே 13 மீட்டருக்குப் பத்து மீட்டர். அதில் ஏழு பேர் கைகோத்து நிற்க, எட்டாவது ஆள் மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே வருகிறார். முப்பது வினாடி. பிடிபட்டால் நான்கைந்து பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். அவர் முகமும் பிடித்தவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பாட்டு அறுந்ததா இல்லையா என்று கேட்க நடுவர் அருகிலேயே குனிந்து நிற்க வேண்டும். உடற்பயிற்சியின்போது முகக்கவசம் அணிய வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பதால், ஆடுபவர்களிடம் அதைக் கேட்கவும் முடியாது.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டவை. 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். அவர்கள் அங்கே முக்கியமாகச் செய்தது பாடியதுதான். அதே ஆண்டு ஜூன் 16 அன்று ஃபுளோரிடாவில், நம்மைப் போல வேலை முடிந்து வந்து ஆசைக்காக ஆடும் இரண்டு ஐஸ் ஹாக்கிக் குழுக்கள் மோதின. ஆடியவர்கள் 22 பேர். ஒருவருக்கு மறுநாளே காய்ச்சல். ஐந்து நாளுக்குள் 14 ஆட்டக்காரர்களுக்கும் அரங்க ஊழியர் ஒருவருக்கும் அறிகுறிகள் வந்துவிட்டன. காய்ச்சல் வந்த அந்த ஆள் ஆடிய மாலையில் அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நல்ல உடம்போடுதான் களம் இறங்கினார்.

அவை மூடிய அரங்குகள், நம்முடையது வெட்டவெளி என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், காற்று நமக்குத் துணை. ஆனால் குழு வெட்டவெளியில் இருப்பது ஓர் ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம்தான். அதற்கு முன்னும் பின்னும் எங்கே இருக்கிறோம்? வேனில் பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் கூட வரும் ஏழெட்டுப் பேரும் மடியில் மடியாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வருகிறோம். பள்ளிக்கூட அறையிலோ மண்டபத்திலோ பாய் விரித்து, நம் ஆட்டம் வரும்வரை படுத்திருக்கிறோம். ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே துண்டு. இரவு இரண்டு மணிக்குப் பரோட்டாவுக்கு முட்டி மோதுகிறோம். ஆட்டத்தைவிட இவைதான் எனக்கு அதிகப் பயம் தருகின்றன. எல்லைக் கோட்டுக்கு உள்ளே நடப்பதைப் பார்க்க நான் இருக்கிறேன். வெளியே நடப்பதைப் பார்க்க யாரும் இல்லை.

ரசிகர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். போன மாதம் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து நடந்தது. ஜூன் 18 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடின. ஸ்காட்லாந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலும் பேருந்தும் பிடித்துப் போனார்கள். அந்தக் கோப்பையை ஒட்டிய நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர்களில் 1,991 பேருக்குத் தொற்று உறுதியானதாக ஸ்காட்லாந்துப் பொதுச் சுகாதாரத் துறை ஜூன் 30 அன்று அறிவித்தது. 1,294 பேர் லண்டனுக்குப் போய் வந்தவர்கள். அரங்கத்துக்குள் சென்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? 397 பேர். மற்றவர்கள் டிக்கெட் இல்லாமலேயே போய், மதுக்கூடங்களிலும் தெருக்களிலும் ஒன்றுகூடிப் பார்த்தவர்கள், அல்லது சொந்த ஊரிலேயே கூடியவர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆண்கள், முக்கால்வாசிப் பேர் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள். நம் திடலைச் சுற்றி நிற்பவர்களும் இவர்கள்தானே.

ஆகவே கயிறு கட்டித் தள்ளி நிற்க வைப்போம் என்ற தம்பிக்கு என் பதில் இதுதான்: கூட்டம் கயிற்றருகில் வந்து நிற்கும்போது பாதி ஆபத்து ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். பக்கத்து ஊரிலிருந்து நான்கு பேர் ஒரு வண்டியில் வருவது, டீக்கடையில் சேருவது, ஜெயித்ததும் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது, எதையும் கயிறு தடுக்காது. தடுக்க முடிந்தது ஒன்றுதான். அவர்கள் கிளம்பாமல் இருப்பது. அவர்களைக் கிளம்பாமல் இருக்கச் சொல்ல போலீசாரைவிட உங்களுக்குத்தான் அதிக உரிமை இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லித்தானே அவர்கள் கத்துகிறார்கள்? குழுத் தலைவர் ஒரு குரல் பதிவில் "இந்த முறை வராதீர்கள், வீட்டிலிருந்து பாருங்கள்" என்று சொன்னால் கேட்பார்கள். ஃபிளெக்ஸ் வைக்காதீர்கள், மைக்கில் ஊர் ஊராக அறிவிக்காதீர்கள். கபடியை யூடியூபில் நேரலையாகக் காட்டும் தம்பிகள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் கூப்பிட்டால் போதும். ஆனால் அந்த நேரலையை ஊர்ப் பொதுத் திரையில் போட்டுக் கூட்டம் சேர்த்தால் ஸ்காட்லாந்துக் கதைதான்.

நம் பக்கத்தில் சொல்லப்படும் சமாதானங்கள் சிலவற்றையும் பார்த்துவிடுவோம்.

எல்லோருக்கும் வந்து போய்விட்டது, இனி என்ன என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நாள்களுக்கு முன்பு வெளியிட்ட ரத்தப் பரிசோதனை ஆய்வில் நாட்டில் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருப்பதாகத் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் மூன்றில் ஒருவருக்கு இல்லை என்பதும் அதே செய்திதான். உங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் என்றால் நான்கு பேர். அந்த நான்கு பேர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஊசி போட்டாயிற்று என்கிறார்கள். நம் ஆட்டக்காரர்களில் பலர் போட்டிருப்பது கோவிஷீல்டு, அதுவும் ஒரு தவணை. பதினெட்டு வயது ஆனவர்களுக்கு மே மாதம்தான் திறந்துவிட்டார்கள். முகாம் வாசலில் தடுப்பூசி இல்லை என்று பலகை தொங்கிய நாள்களையும் பார்த்தோம். இரண்டு தவணைக்கும் நடுவே குறைந்தது 12 வாரம் வேண்டும். ஜூன் முதல் தேதி போட்டவருக்கே இரண்டாவது ஆகஸ்ட் 24 அன்றுதான். 15ஆம் தேதிக்குள் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு தவணையும் முடிந்திருக்காது.

கல்யாண வீட்டிலும் டாஸ்மாக் வாசலிலும் கூட்டம் இல்லையா, தேர்தலுக்குக் கூடவில்லையா என்கிறார்கள். இந்தக் கோபம் எனக்கும் உண்டு. அப்படிக் கூடியது தப்பு என்றுதான் நானும் சொல்கிறேன். அதன் பலனை யார் அனுபவித்தது? மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. பாதிப்பு குறையாத பதினொரு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று என்று ஜூலை 5 வரை தளர்வுகள் நமக்குத் தாமதமானது நினைவிருக்கும். சென்னை நேரு விளையாட்டரங்கில் மே மாத நடுவில் ஒரு பெரிய கூட்டம் நின்றது. ஆட்டம் பார்க்க வந்த கூட்டமில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரருக்கு ரெம்டெசிவிர் மருந்து வாங்க வெயிலில் நின்ற கூட்டம். ஒரு விளையாட்டரங்கத்தை அப்படிப் பார்த்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது மாநிலத்தில் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்குக் கீழே வந்திருக்கிறது. இந்தக் குறைவு தானாக வந்ததில்லை. கடை அடைத்தவர்கள், கூலியை இழந்தவர்கள், வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகள் சேர்ந்து வாங்கித் தந்தது.

ஆட்டக்காரத் தம்பிகளே, உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை நான் அறியாதவன் அல்லன். இரண்டு பருவம் போய்விட்டது. புரோ கபடியே போன ஆண்டு நடக்கவில்லை. 65 கிலோப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவர் இன்று அந்த எடையில் இல்லை. இளையோர் பிரிவில் வயது கடந்துவிட்டது. போலீசிலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு ஆடியவர்கள் நீங்கள். பரிசுப் பணத்தில் பங்கு பிரித்து வரும் தொகை சிலருக்கு அந்த மாத மளிகை. பெண்கள் குழுக்களுக்கு இன்னும் மோசம். ஒரு முறை பயிற்சி நின்றால் மறுபடி அனுப்ப வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடுங்கள். கூட்டம் இல்லாமல், குறைவான குழுக்களோடு, பகலில் ஆடுங்கள்.

உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. காய்ச்சலை மறைக்காதீர்கள். நம் ஆட்டத்தில் வலியை மறைப்பது பழக்கமாகிவிட்டது. கணுக்கால் வீங்கியிருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவோம். விரல் பிசகினால் இழுத்துவிட்டுக்கொண்டு பாடப் போவோம். இறங்காதவனைக் கேலி செய்வோம், நானும் செய்திருக்கிறேன். கணுக்கால் வலி உங்களோடு போகும். இது உங்களைப் பிடித்தவரோடும், வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடும், வீட்டில் சோறு போட்ட அம்மாவோடும் போகும். தொண்டை கரகரத்தாலே தலைவரிடம் சொல்லுங்கள். தலைவர்கள் அந்தத் தம்பியை நன்றி சொல்லி அனுப்புங்கள், மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர் எதற்கு இருக்கிறார்கள்? நோய் வந்து தேறியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் களம் இறங்கக் கூடாது. இதயத் தசையை இது பாதித்துவிடக்கூடும் என்பதால் படிப்படியாகத்தான் பயிற்சிக்குத் திரும்பச் சொல்கிறார்கள்.

தண்ணீர்ப் பாட்டிலும் துண்டும் ஆளுக்கொன்று. வேனில் ஆட்டக்காரர்கள் மட்டும், சன்னல் திறந்து, முகக்கவசத்தோடு. கைகுலுக்கல், பொன்னாடை, விருந்தினர் அறிமுகம் எல்லாம் இந்த ஆண்டு வேண்டாம். பரிசு உபயம் செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்மையில் ஆட்டத்தை விரும்பிக் கொடுப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் காலையை நினைத்துப் பாருங்கள். தென்னை எல்லாம் சாலையில் கிடந்தது. அதிகாரிகள் வந்து சேர்வதற்கு முன்னால் அரிவாளும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வந்து வழி திறந்தவர்கள் யார்? நம் ஊர்க் கபடிக் குழுத் தம்பிகள். யார் வீட்டில் வயதானவர் இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை நோய், யார் வெளியே வர முடியாதவர் என்பது உங்களுக்கு அத்துப்படி. அந்த வீடுகளில் ஊசி போடாதவர்களை முகாமுக்கு அழைத்துப் போக உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. போட்டிக்கு முன்பு இருக்கும் மூன்று வாரத்தில் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்தால், உங்கள் திடலுக்கு நான் சம்பளம் வாங்காமல் வருவேன்.

மூன்று ஊர்த் தம்பிகளுக்கும் என் நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் இல்லை என்றால் வருகிறேன். ஊதும் விசிலுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் மின்விசிலும் முகக்கவசமும் கொண்டுவருவேன். எல்லைக் கோட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வண்டியேறுவேன், இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. இந்த வட்டாரத்து நடுவர்கள் நான்கு பேரிடம் பேசிவிட்டேன், அவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், போட்டியைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இப்போது குழுவுக்குள் மட்டும் பயிற்சி செய்வது இன்னும் நல்லது. முடிவு உங்களுடையது. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மட்டும், எங்கள் ஊர்த் திடலில் வேப்பமரத்தடிக்கு வந்தால் உட்கார்ந்து பேசுவோம்.

மதிப்பெண் மேசைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மதிப்பெண் எழுதத் தெரிந்தவர், இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அன்று சொல்லுங்கள். ஆசிரியரின் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் திடல்களில் நின்ற ஒரு நடுவர்